கை படாத வைத்தியம்

எங்கள் கடையில் யாரும் வாய்விட்டு நெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்பதில்லை. முடி வெட்டி முடிந்ததும் என் கணவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பிடரியில் ஒட்டியிருக்கும் துணுக்கு முடிகளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுவார். அப்போது நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கமாகத் தொய்யவிட்டால், கழுத்துக்கு நெட்டி வேண்டும் என்று பொருள். கண்ணைத் திறந்து கண்ணாடியில் கிருதாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று பொருள். தொய்ந்த தலைக்கு ஒரு கை மோவாயிலும் ஒரு கை உச்சியிலும் போகும். டக்கென்று ஒரு சத்தம். மறுபக்கம் இன்னொன்று. எழுந்து நிற்பவரின் முகத்தில் கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளையின் களை இருக்கும்.

இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. லாரி ஓட்டுநர் ஒருவருக்கு முன்தலை முழுக்க வழுக்கை. "இருக்கற நாலு முடியையும் நிதானமா வெட்டுங்க, அவசரமில்ல" என்று சொல்லி உட்கார்ந்த உடனே கண்ணை மூடிக்கொள்வார். என் கணவருக்கு நெட்டிக்காரர் என்று பெயர் வைத்தது அவர்தான். அது தெரு முழுவதும் நிலைத்துவிட்டது.

கடை ஒரே அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நான். என் வேலை புருவம் திருத்துவது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரு கைகளுக்கு நடுவே முறுக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து மூட வேண்டும். வருகிற பெண்கள் எல்லோரும் "உங்க கை பூ மாதிரிக்கா" என்பார்கள். உண்மையில் நூலை இழுப்பது கழுத்து. ஒவ்வொரு இழுப்புக்கும் தலை ஒரு சின்ன வெட்டு வெட்டி நிமிரும். கோழி நடக்கும்போது தலை போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஒரு நாளில் எத்தனை வெட்டு என்று நான் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் அன்றே வேறு தொழில் தேடியிருப்பேன்.

மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கியதும் என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்வார். பிடரியில் இரண்டு கட்டைவிரல்களை வைத்து மேலிருந்து கீழாக அமுக்கிவிட்டு, கடைசியில் நெட்டி எடுப்பார். கல்யாணமான வருஷத்தில் தொடங்கியது. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. அவர் பேச்சில்லாத மனிதர். புடவை நன்றாக இருக்கிறது என்றோ, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றோ சொன்னதில்லை. என் அம்மா இறந்த செய்தி வந்தபோது வீட்டில் இருந்த எல்லோரும் அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பின்னால் வந்து நின்று, பிடரியில் கை வைத்து, அழுது முடிக்கும் வரை எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு கட்டைவிரல்கள்தான்.

வலி எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் ஒரு ஆணி இருப்பது போல முதலில் இருந்தது. அதை எல்லோருக்கும் இருக்கும் வலி என்று நினைத்தேன். பிறகு வலது கட்டைவிரல் மரத்தது. ஒருநாள் நிச்சயதார்த்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண்ணின் புருவத்தில் நூல் எங்கே ஓடுகிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தபோது இடது புருவத்தில் வால் பகுதி இல்லை. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். "மாப்பிள்ளைக்கு மீதியக் கல்யாணத்துக்கு அப்புறம் காட்டிக்கறேன்கா" என்றாள். அவள் போன பிறகு நான்தான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்புகளுக்கு நடுவே நரம்பு நெருக்கப்படுகிறது, அறுவை சிகிச்சை இப்போது தேவையில்லை என்று சொல்லி, கீழ்த்தளத்தில் இருந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என் மகளைவிடச் சின்னப் பெண். அறையில் ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, மடித்து வைத்த துவாலைகள். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டுதான் பேசினாள்.

"நான் உங்க கழுத்தத் தொடப் போறதில்லம்மா. நீங்களேதான் பண்ணப் போறீங்க."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு தூரம் போனதே யாராவது கை வைத்து, இங்கேதான் வலிக்கிறது என்று சொல்வார்கள் என்றுதான். வீட்டில் யாராவது கழுத்தைப் பிடித்துவிடுவார்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். தானேதான் என்றார், தினமும் என்றார், கடைக்கு வருகிற எல்லோருக்கும் நெட்டி எடுப்பதாகவும் சொன்னார். அவர் ஒரு அந்நியரிடம் அவ்வளவு வார்த்தைகளைத் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். இனிமேல் இவங்களுக்கு எடுக்க வேண்டாம் என்றாள். கடையிலும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்றாள். நெட்டி வேண்டாம், சும்மா அமுக்கிவிடலாமா என்று இவர் கேட்டார். இப்போதைக்கு யார் கையும் வேண்டாம் என்றாள்.

"நானுமா?" என்றார்.

நான் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்களும்தான் சார்" என்றாள்.

"அப்ப இது என்னாலயா?"

"அதச் சொல்ல முடியாது சார். நூல் இழுக்கறதாலயும் இருக்கலாம், வயசாலயும் இருக்கலாம். யாராலன்னு தேடிட்டிருந்தா கழுத்து சரியாகாது."

அவள் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அவர் காதில் அது வேறாக விழுந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அவர் கம்பியைப் பிடிக்காமல், அந்தப் பெண்ணைப் போலவே இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பிரேக் போட்டபோது முன்னால் இருந்தவர் மேல் போய் விழுந்தார். "கை எதுக்குய்யா இருக்கு?" என்று அந்த ஆள் திட்டினார். இவர் மன்னிப்புக் கேட்டார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

அவள் கொடுத்த பயிற்சிகளைப் பயிற்சி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வலது பக்கம் கொண்டுபோக வேண்டும். கண் போன பிறகு தலை, அதுவும் வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஆமாம் என்று சொல்வது போல ஒரு சின்ன அசைவு. யாருக்கும் தெரியாமல் இல்லை என்று சொல்வது போல இன்னொன்று. தலையணை தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நிரப்ப வேண்டும். படுத்தே கிடக்கக் கூடாது, தெருவில் நடக்க வேண்டும். கடைசியாக, தலையின் கனத்தை எதன் மேலாவது ஒப்படைத்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சு வயிறு வரை போகிறதா என்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கழுத்தை விட்டுவிடு என்றால் எப்படி விடுவது என்று தெரியவில்லை. இத்தனை காலமும் நான் விட்டதாக நினைத்தது எல்லாம் அவர் கையில் கொடுத்ததுதான். நானாக அதை எங்கும் வைத்ததில்லை. சில நாட்களுக்குப் பிறகு, பிற்பகலில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, எதுவோ ஒன்று உள்ளே தளர்ந்து இறங்கியது. மிகச் சிறியது. ஒரு பொத்தான் கழன்றது போல. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மாலைதோறும் அந்த டக் சத்தத்துக்கு முந்தைய நொடியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது பயம். அவர் கை மேலான பிரியத்தோடு ஒட்டி அதே இடத்தில் அந்தப் பயமும் இருந்திருக்கிறது. இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. அவர் கை படாத இந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அப்படிப் பிடித்திருந்தது எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் அவர் மறுபக்கம் தவித்துக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற திருகாணிகளையெல்லாம் இறுக்கினார். குழாய்கள், கதவுப் பிடிகள், குக்கர் மூடியின் கைப்பிடி. அதன் பிறகு அந்த மூடியைத் திறக்க நான் அவரையே கூப்பிட வேண்டியிருந்தது. என் நாத்தனார், அவருடைய அக்கா, புருவம் எடுக்க வந்தவர் பிசியோ பெண் சொல்லி நான் நூல் எடுப்பதை நிறுத்தியிருப்பது தெரிந்ததும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கட்டின புருஷன் கை படக்கூடாது என்று ஒரு வைத்தியமா, இதைக் கொஞ்சம் முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் தனக்கு ரெண்டு பிள்ளையோடு போயிருக்குமே என்றார். இவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நாத்தனார் குரலைத் தாழ்த்தினார். "அவனப் பாத்தாப் பாவமா இருக்கு. மருந்துல வலி கொறைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு, அப்பப்பக் கழுத்தக் காட்டு. ஆம்பளைக்கு என்ன தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும் அண்ணி" என்றேன். "அவருக்குக் கழுத்து மட்டும்தான் தெரியும்."

அன்று அவர் சமையலறையிலிருந்து திரும்பியபோது கையில் ஆவி பறக்கும் துவாலை இருந்தது. அவரே நனைத்துப் பிழிந்திருந்தார். என் பின்னால் வந்து, துவாலையின் இரண்டு முனைகளையும் விரல்நுனியில் பிடித்து, காற்றில் ஒரு வீசு வீசி, தோளின் மேல் இறங்கும்படி விட்டார். முடி வெட்ட வருகிறவர்களுக்கு வெள்ளைத் துணியை அப்படித்தான் போர்த்துவார். ஒரு விரல்கூட என் மேல் படவில்லை. துவாலை மட்டும் தோளில் சூடாக இறங்கியது.

அதன் பிறகு தினமும் அவர்தான் துவாலை போட்டார். நான் கண்ணை அசைப்பேன், தலையை அசைப்பேன். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அவர் கண்ணும் என் கண்ணோடு சேர்ந்து வலது பக்கம் போய் வந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்றார். ஒன்றுமில்லை என்றேன். கட்டைவிரலில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நான் வேண்டிக்கொண்டது விரலுக்காக அல்ல. ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காமலேயே நாங்கள் பக்கத்தில் இருக்க முடியும் என்றால், எங்களுக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. முடியாது என்றால் இத்தனை வருஷமும் நான் ஒரு ஜோடிக் கைகளோடுதான் வாழ்ந்திருக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஒருநாள் பிற்பகல் கடையில் கூட்டமில்லை. நான் என் பக்கம் முகத்துக்குக் கிரீம் போடும் வேலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் எடுக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் தலை சாய்க்க இடமில்லாததால், அவர் பக்கம் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சற்றுமுன் போன வாடிக்கையாளரின் முடியைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் முதுகு தெரிந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண் பயிற்சியை முடித்தேன். சின்ன ஆமாம், சின்ன இல்லை, இரண்டையும் முடித்தேன். பிறகு தலையைச் சாய்மானத்தில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். மூச்சு வயிறு வரை போனது. அவர் பெருக்கும் சத்தம் கேட்டது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே கழுத்து தானாக விட்டது அன்றுதான் முதல்முறை. தலை அதன் கனத்திலேயே இடது பக்கமாகத் தொய்ந்தது. வலியில்லை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

துடைப்பம் நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் தெரிந்தது. துவாலை போடப் போகிறார் என்று நினைத்தேன்.

மோவாயில் ஒரு கை. உச்சியில் ஒரு கை.

சத்தம் கேட்டது. வலது கை முழுவதும் மின்சாரம் போல ஒன்று ஓடி விரல் நுனியில் போய் நின்றது. கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் அவர் என் தலைக்கு மேலே நின்றார். இரண்டு கைகளும் என் முகத்தின் இரு பக்கமும் அந்தரத்தில் இருந்தன. இது யாருடைய கை என்பது போல அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கண்ண மூடிட்ட" என்றார்.

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இருபது முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் கண்ணை மூடித் தலையைத் தொய்யவிட்ட எல்லோருக்கும் அந்தக் கைகள் செய்ததை எனக்கும் செய்துவிட்டன. அவர் அந்த நேரத்தில் என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். பிளேடு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கிழிந்தது எதுவுமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டு அவர் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. என் கட்டைவிரலின் மரப்பு திரும்பி வந்தது, இந்த முறை போக மறுத்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்தால் பொத்தான் இருக்கிறது என்று கண்தான் சொல்ல வேண்டும். பிசியோ பெண் யாரையும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றாள். துவாலை, கண், சின்ன ஆமாம்.

ஆரம்பித்தேன். எல்லாம் சரியாகவே செய்தேன். ஆனால் அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் என் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும். நான் ஏற்றவில்லை, அதுவே ஏறியது. அவர் அறைக்குள் வந்தால் பிடரியில் ஒரு பலகை இறங்கும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதை நான் பலமுறை எனக்குள் தேடிப் பார்த்திருக்கிறேன். கோபம் இருந்தால் நல்லது, அது ஒருநாள் தீர்ந்துபோகும் என்றுகூட நினைத்துத் தேடினேன். இல்லை. எனக்கு அவர் மேல் பரிதாபமும் பிரியமும்தான் இருந்தன, முன்பைவிட அதிகமாகவே. கழுத்துக்கு அவை போய்ச் சேரவில்லை. நான் ஒன்று நினைக்க, அது ஒன்று நினைத்தது. ஒரே உடம்பில் இரண்டு பேர் குடியிருந்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது போல இருந்தது.

"அது பயந்திருக்கும்மா" என்றாள் பிசியோ பெண். "பயம் விட்டாத்தான் தசை விடும்."

"எப்ப விடும்?"

கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். "தெரியலம்மா. சில பேருக்குச் சீக்கிரம் விடும். சில பேருக்கு அப்படியே இருந்துடும்."

அவர் நெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடித் தலையைத் தொய்யவிட்டவர்கள் சிறிது நேரம் காத்திருந்து, ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, சங்கடத்தோடு எழுந்து போனார்கள். லாரி ஓட்டுநர் மட்டும் வெளிப்படையாகக் கேட்டார், நெட்டிக்காரர் ஓய்வு வாங்கிவிட்டாரா என்று. முடி மட்டும்தான் இனிமேல் என்று இவர் சொன்னார். "எனக்கு ஏதுய்யா முடி?" என்றார் ஓட்டுநர். சிரித்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. இவர் முடி வெட்டும்போதும் கைகளை நீட்டி, அடுப்பில் இருப்பதைத் தள்ளி நின்று கிளறுவது போல வெட்டினார். என் பக்கத்து விளக்கு பெரும்பாலும் எரிவதில்லை. நூல்கண்டுகளை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன், தைக்கவாவது உதவட்டும் என்று.

வீட்டில் துவாலையை அவர் இப்போது போர்த்துவதில்லை. வெந்நீரில் நனைத்துப் பாத்திரத்தில் வைத்து, அறை வாசலில் வைத்துவிட்டு, இருமிவிட்டு, நடக்கப் போகிறேன் என்று தெருவுக்குப் போய்விடுவார். நான் பயிற்சி முடிக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நடக்கச் சொன்னது எனக்கு, நடந்தது அவர்.

இது இப்படியே போகக் கூடாது என்று நான்தான் முயன்றேன். பிசியோ பெண்ணிடம் கேட்டேன், சும்மா கையை வைத்திருக்கலாமா என்று. அவள் யோசித்தாள். இருவருக்கும் விருப்பம் என்றால் வைத்துப் பார்க்கலாம், அமுக்கக் கூடாது, நீங்கள் போதும் என்றதும் எடுத்துவிட வேண்டும் என்றாள். கடை விடுமுறை நாளில், காலையில், வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன். கை வைக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். அவள் சொல்லியிருக்கிறாள் என்றேன். வேண்டாம் என்றார் மறுபடியும். "எனக்கு வேணும்ங்க" என்றேன். நான் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்து நின்றார். "எங்க வைக்கணும்?" என்று கேட்டார், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரைப் போல.

"எப்பவும் வைக்கற எடத்துலதான்."

உள்ளங்கை பிடரியில் வந்தது. சூடாக, கனமில்லாமல். நான் கண்ணை மூடவில்லை. மூடத் துணியவில்லை. எதிரே சுவரில் இருந்த ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு மூச்சை வயிற்றுக்கு அனுப்பினேன். அது நெஞ்சோடு திரும்பிவிட்டது. விடு, இது அவர்தான், விடு என்று உள்ளே சொன்னேன். தோள் ஏறியது.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இல்ல" என்றார்.

"இப்பத்தானே வச்சீங்க. கொஞ்சம் இருங்க."

இருந்தார். யாரும் அவரிடம் கழுத்தால் பொய் சொல்ல முடியாது. வாயால் நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன எத்தனையோ பேரிடம், வீட்டில் என்ன பிரச்சினை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அழவைத்திருக்கிறார். என்னுடையதை மட்டும் படிக்க மாட்டாரா? அவர் விரல்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. அவர் கை பட்ட இடம் மட்டும் அல்ல, அதைச் சுற்றி முதுகு வரை எல்லாம் அவரிடமிருந்து விலகுவதற்காக இறுகிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தார். மெதுவாக, தூங்குகிற குழந்தையிடமிருந்து எடுப்பது போல.

"கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"நாளைக்கு மறுபடி பாக்கலாம். பழகிடும்."

"உன் மேல தப்பில்ல. என் மேலயும் தப்பில்லன்னு நீ சொல்லப் போற. சொல்லாத."

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் போய்க் கை கழுவினார். ஈரக் கையோடு சற்று நேரம் சமையலறை ஜன்னலருகே நின்றார். அவர் விலகி நின்ற அந்தத் தூரத்தில் என் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. நிம்மதி வந்தது. அதை என்னால் மறைக்க முடியாது, அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாலும் அது அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

மறுநாள் நான் கேட்கவில்லை. அவரும் நினைவுபடுத்தவில்லை. பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். தலை முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்புகிறது என்று பிசியோ பெண் சொன்னாள். வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அளந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

போன வாரம் மழை வரும் போல இருந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடி உயரத்தில் இருக்கிறது, என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது என்பதால் அவரும் வந்தார். அவர் கிளிப்புகளை எடுக்க எடுக்க நான் கூடையில் போட்டேன். படுக்கை விரிப்பு வந்தபோது ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டோம். காற்றில் உதறினோம். நீளவாக்கில் ஒருமுறை மடித்து, இழுத்து, சுருக்கம் நீக்கினோம். அடுத்த மடிப்புக்கு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும், அவர் கையில் இருப்பதை என் கையில் கொடுக்க வேண்டும். அவர் நடந்து வந்தார். என் தோள் ஏறியதைப் பார்த்தாரோ என்னவோ, இரண்டு அடி முன்னாலேயே நின்றார். தன் பக்கத்து முனைகளைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டை மேலே வைத்துவிட்டு, கொடிக்குத் திரும்பினார். நான் போய் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு விரிப்பு இருந்தது. அதை அவர் மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்தார். கோணலாக வந்தது. அப்படியே கூடையில் வைத்தார்.